அவசரத்தின் பேட்டரி கார்

மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடாத பேட்டரி வண்டி, அதன் மோட்டாரும் மிகச் சிறியதாக இருக்குமானால், சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே அல்ல. பதிவு வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம். போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

இந்த விதிக்குள் அடங்காமல் போனவர் எங்கள் ஊர் அவசரம். அது ஆளின் பெயர். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையில் அவரைப்போலக் காத்திருக்கத் தெரியாத மனிதர் பிறந்ததில்லை. சர்க்கரை கரையும்வரை பொறுக்காமல் டீயைக் குடித்துவிட்டு, அடியில் கிடக்கும் சர்க்கரையைத் தனியாக வழித்து வாயில் போட்டுக்கொள்வார். தன் கல்யாணத்தில் மேளக்காரரிடம், கெட்டிமேளத்தை முதலிலேயே அடித்துவிட்டு மற்றதை அப்புறம் நிதானமாக வாசிக்கச் சொன்னவர். தொழில், எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. ஏன் இப்படி இருக்கிறார் என்று அவர் மனைவி பேச்சியம்மாளிடம் ஒருமுறை கேட்டேன்.

“இவுக ஏழு மாசத்துல பொறந்தவுக சார். மிச்ச ரெண்டு மாசத்த உள்ள உக்காந்து யாரு எண்ணிக்கிட்டு கெடப்பான்னு கெளம்பி வந்துட்டாக.”

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் விலக்கிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே. ஊருக்குள் வந்துகொண்டிருந்த டவுன் பஸ் கொரோனாவில் நின்றது. நோய் போய்விட்டது, பஸ் வரவில்லை. இங்கிருந்து பன்னிரண்டு பெண்கள் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறார்கள். பேச்சியம்மாளும் ஒருத்தி. விலக்கில் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் மில் கேட் திறந்திருக்கும். மூன்று முறை கேட் மூடிவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பேச்சியம்மாளுக்கு இரண்டு முறை ஆகியிருந்தது.

சீக்கிரம் கிளம்பலாமே என்பீர்கள். குழாயில் தண்ணீர் ஐந்து மணிக்கு வந்து ஐந்தரைக்கு நிற்கும். குடத்தை விட்டுவிட்டுக் கிளம்பினால் அன்றைக்கு வீட்டில் உலை ஏறாது.

அந்தச் சமயத்தில்தான் மூடிப்போன கல்லூரி ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டார்கள். விருந்தினருக்கு வளாகத்தைச் சுற்றிக்காட்ட வைத்திருந்த பேட்டரி காரை அவசரம் எடுத்துவந்தார். பணக்காரர்கள் புல்வெளியில் பந்தடிக்கப் போகும்போது ஏறிக்கொள்ளும் வகை. அதன் மோட்டார் விதி சொல்லும் அளவைவிடப் பல மடங்கு பெரியது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. தெரியாதவன்போல இருக்கவும் எனக்குத் தெரியும். அதற்குத்தானே இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன்.

ஓட்டுபவர் போக ஆறு பேர் உட்காரலாம். பன்னிரண்டு பேருக்கு இரண்டு நடை. போக, வர, மறுபடி போக என்று பதினைந்து கிலோமீட்டர். கையில் இருப்பது அரை மணி. வண்டியோ மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நகராது. விதிப்படி இருபத்தைந்தில் ஓட்டினால்கூட முப்பத்தாறு நிமிடம் ஆகும், ஆறு நிமிடம் தாமதம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

“அப்ப சட்டத்த ஒரு ஆறு நிமிசம் கண்ண மூடிக்கிறச் சொல்லுங்க சார்,” என்றார்.

ஆறு பேட்டரி எட்டானது. வேகத்தை அடக்கிவைக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு எங்கிருந்தோ பெரிதாக ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார். பொம்மைச் சக்கரங்கள் போய் மினி வேன் சக்கரங்கள் வந்தன. வண்டி நாற்பதைத் தொட்டது. பிரேக்கை மட்டும் மாற்றவில்லை. கேட்டதற்கு, “நிக்கிறதுக்கா சார் வண்டி?” என்றார்.

ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிவைத்து, போகிற வண்டிகளை மிதிக்கவிட்டு மணி பிரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதல் ஓட்டத்தில் வண்டி அந்த உளுந்துக்குள் போய்த்தான் நின்றது. செடிக்குச் சொந்தக்காரர் கோபித்துக்கொண்டது வேறு காரணத்துக்காக. இவ்வளவு வேகமாக வந்தும் ஒரு காய்ந்த நெத்துகூட உடையவில்லை, இதெல்லாம் ஒரு வண்டியா என்று கேட்டார்.

வண்டிக்குச் சத்தமே கிடையாது; ஆடுகள் விலகாது. அதனால் பேச்சியம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்து உரக்கத் திட்டிக்கொண்டே வருவாள். திட்டு ஆட்டுக்கா அவருக்கா என்று தெரியாது. ஆடுகள் மட்டும் விலகின. நான்கு மாதம் ஒருநாளும் பஸ் தப்பவில்லை.

நான் என் பங்குக்கு, பஸ்ஸைத் திரும்ப விடக் கோரி மனு எழுதினேன். மனு, நினைவூட்டு, நினைவூட்டுக்கு நினைவூட்டு. கடைசியில் ஒருநாள் போக்குவரத்துக் கழகத்திலிருந்து கள ஆய்வுக்கு ஒருவர் வந்தார். நான் அன்று பென்ஷனுக்காக, உயிரோடு இருப்பதை நிரூபிக்கக் கருவூலத்துக்குப் போயிருந்தேன். விலக்கில் இறங்கி வெயிலில் நடக்க ஆரம்பித்தவரைப் பார்க்கப் பொறுக்காமல், அவசரம் வண்டியில் ஏற்றி எட்டே நிமிடத்தில் ஊரில் இறக்கியிருக்கிறார். திரும்பக் கொண்டுபோய் விட்டதும் அவர்தான்.

“நம்மளுக்காக வந்தவுகள நடக்க விடலாமா சார்?” என்றார் என்னிடம்.

நடக்க விட்டிருக்க வேண்டும். அந்த ஐந்து கிலோமீட்டர் நடைதான் எங்கள் மனுவுக்கு இருந்த ஒரே சாட்சி.

ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் பஸ் முன்னதாகவே வந்து, இரண்டாவது நடைப் பெண்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவர்களில் பேச்சியம்மாளும் இருந்தாள். அவசரம் மெயின் ரோட்டில் ஏறித் துரத்தினார். அடுத்த நிறுத்தத்தில் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது முந்திப் போய்க் குறுக்கே நிறுத்தினார். நின்றதே அதிசயம். ஆறு பேரும் ஏறிப் போனார்கள். வழியில் அவர் முந்தியவற்றுள் என் பழைய இலாகாவின் ஜீப்பும் ஒன்று.

வண்டியைப் பிடித்துவைத்தார்கள். மீட்கப் போனேன். அங்கிருந்த அதிகாரி ஒரு காலத்தில் என்னிடம் உதவியாளராக இருந்தவர். எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். இது மோட்டார் வாகனம், எனவே பதிவில்லாமல் ஓடியது குற்றம். சாலைக்கென்று தயாரிக்கப்பட்ட வாகனம் அல்ல, எனவே பதிவு செய்யவும் வழியில்லை. குறிப்பை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க சொல்லிக் குடுத்த நோட்டுதான் சார்.”

உண்மைதான். அந்த வாக்கியத்தை அமைத்தவன் நான். யாரோ ஒருவருடைய வண்டிக்காக, என்றோ ஒருநாள்.

அடுத்த வாரமே பேச்சியம்மாளுக்கு மூன்றாவது முறை கேட் மூடியது. பெயரை அடித்தார்கள். மாதம் முடிவதற்குள் இன்னும் நான்கு பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

பிறகு என் மனுவுக்குப் பதில் வந்தது. அவசரத்தை அழைத்து வாசித்துக் காட்டினேன். மேற்படி ஊருக்கு விரைவான பேட்டரி வாகன வசதி ஏற்கெனவே இருப்பது கள ஆய்வில் நேரில் அறியப்பட்டதால், பேருந்து இயக்கவேண்டிய தேவை எழவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த விரைவான வாகனம் அப்போது அலுவலகத்து வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நின்றுகொண்டிருந்தது.

அவர் கடைசி வரிவரை குறுக்கே பேசவில்லை.

“விரைவானன்னு போட்டிருக்காகளா சார்?”

“போட்டிருக்கிறார்கள்.”

“அந்த எடத்த மட்டும் இன்னொருக்க வாசிங்க.”

வாசித்தேன். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் அவர் எங்கும் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் எழுந்திருக்கவில்லை. தேதியைக் குறித்துவைத்துக்கொண்டேன்: ஆவணி நான்கு, புதன்கிழமை.