நூலகர் கொடுத்த நன்றி கேக்

பஸ் பாதி வழி வந்திருக்கும்போது நூலகரின் போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, ஆம்புலன்ஸ்காரங்களுக்குக் கேக்கைக் கொடுத்துட்டீங்களா?"

"கொடுத்தாச்சு. போட்டோ எடுத்து நம்ம குடியிருப்புக் குரூப்புலயும் போட்டாச்சு. ஒரே பாராட்டு!"

"எந்த டப்பாவைக் கொடுத்தீங்க?"

"நீல டப்பா."

மறுமுனையில் மனைவி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

"அட கடவுளே! அது சர்க்கரைன்னு நெனச்சு நான் உப்பைக் கொட்டின கேக்குங்க. குப்பைக்குப் போக வேண்டியது. நல்ல கேக்கு சிவப்பு டப்பால மேசை மேலயே இருக்கு."

ஊரே விடுமுறையில் கால் நீட்டிக் கிடக்கும்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டாமா என்று குடியிருப்புக் கூட்டத்தில் வாய் கிழியப் பேசியவர் நம்ம நூலகர்தான். வருஷம் முழுக்க நூலகத்தில் கிசுகிசுத்தே பழகிய மனுஷருக்கு வெளியே வந்தால் பேச்சு நிற்காது. பேசினார், மாட்டிக்கொண்டார். கேக் செய்கிற வேலை மட்டும் வழக்கம்போல மனைவி தலையில் விழுந்தது.

"போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க. ஆனா உப்புன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. குரூப்புல நான் தலைகாட்ட முடியாது!"

கொடுத்ததை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார். ஆம்புலன்ஸ் நிலையத்தின் ஓய்வறையில் டிரைவர், நர்ஸ், உதவியாளர் மூவரும் அப்போதுதான் ஒரு நோயாளியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தக் கேக்..." என்று இழுத்தார் நூலகர்.

"சாப்பிட்டோம் சார்! பிரமாதம்!" என்றார் நர்ஸ்.

"இவன் மட்டும் ரெண்டு துண்டு" என்று உதவியாளரைக் காட்டினார் டிரைவர்.

நூலகருக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த உப்பை முகம் சுளிக்காமல் தின்றுவிட்டு, பிரமாதம் என்கிறார்களே! உயிரைக் காப்பாற்றுகிறவர்களுக்கு மனசும் எவ்வளவு பெரிசு! அப்படியே கும்பிடு போட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் இவ்வளவு உப்பு உள்ளே போய் இவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எச்சரிக்கவும் வேண்டும், மனைவியின் மானமும் தப்ப வேண்டும்.

"வந்து... அதுல போட்ட முட்டை கொஞ்சம் பழசாம். இப்பத்தான் வீட்டுல சொன்னாங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பழசுன்னா? கெட்டுப்போனதா?" என்றார் நர்ஸ் மெதுவாக.

"கொஞ்சூண்டு."

டிரைவரின் கை வயிற்றுக்குப் போனது. "அப்பவே நெனச்சேன், என்னடா இப்படிப் புரட்டுதேன்னு." உதவியாளர் அதற்குள் கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

"ஐயோ, அவ்வளவு மோசமெல்லாம் இல்லைங்க!"

"நீங்க டாக்டரா சார்?" என்று கேட்டுவிட்டு நர்ஸ் போனை எடுத்தார். வயிறு சரியில்லாதவர்கள் வண்டி ஏறக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆள் இல்லாவிட்டால், முன்பு வண்டியில் ஓடிப் பிறகு நாற்காலிக்குப் போன அதிகாரிகள்தான் வர வேண்டும். விடுமுறை நாள் என்பதால் மேலாளர் வீட்டில் இருந்தார். இன்னும் இரண்டு அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி வந்து சேர்ந்தார்.

"யாருய்யா அந்தக் கேக்கைச் செஞ்சது?"

நூலகர் கையைத் தூக்கினார். "நான்தான்."

"எத்தனை முட்டை போட்டீங்க?"

வீட்டில் அடுப்படிப் பக்கமே போகாதவருக்கு என்ன தெரியும்? "பதினெட்டு."

"ஒரு கேக்குக்கா?"

"சின்ன முட்டைங்க சார்."

"போலீஸ்ல சொன்னா உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க, தெரியுமா?"

அந்த நேரம் பார்த்து நூலகரின் பைக்குள் போன் டிங் டிங் என்றது. "நம்ம நூலகர் மாதிரி ஒரு மனுஷன் உண்டா!" என்று குரூப்பில் யாரோ உருகியிருந்தார்கள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"விட்டுடுங்க சார். பாவம், நல்ல மனசோடதான் கொடுத்தாரு" என்றார் நர்ஸ், ஈனக் குரலில்.

மேலாளர் பதில் சொல்வதற்குள் அவசர அழைப்பு வந்தது. யாரோ மாடிப்படியில் விழுந்துவிட்டார்களாம். மூன்று அதிகாரிகளும் வண்டிக்கு ஓடினார்கள். அதில் ஒருவருக்கு ஓடும்போதே மூச்சு வாங்கியது. சைரன் தெருவில் ஊளையிட்டுக்கொண்டு போனது.

நூலகரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நன்றி சொல்கிறேன் பேர்வழி என்று வந்து மூன்று பேரைப் படுக்கையில் தள்ளியாயிற்று. மனைவி திட்டினால் திட்டட்டும். டிரைவரின் கட்டிலருகே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க. முட்டையெல்லாம் நல்ல முட்டைதான். சர்க்கரைக்குப் பதிலா உப்பு விழுந்துடுச்சு, அவ்வளவுதான். வெளிய சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன். இப்பவே மேலாளர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

டிரைவர் பதறி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி எதுவும் பண்ணிடாதீங்க சார்! வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து ஒரு விடுமுறைக்காவது நாங்க இப்படிப் படுத்தோமா? உப்போ சர்க்கரையோ, டப்பாவை நாங்க இன்னும் பிரிக்கவே இல்ல!"