கரிசல் களையின் இருபத்தோரு எண்கள்

இருபத்தோரு எண்ணும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. நூறு சதவீதம் என்றது கம்ப்யூட்டர். பூவனலிங்கம் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மறுபடி படித்தார்.

மனுஷன் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் வேதியியல் வாத்தியார். பசுவந்தனைக் கரிசலில் மண்டிக்கிடக்கும் ஒரு களையை ஒன்பது வருஷம் காய்ச்சி வடித்து, ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி எடுத்திருந்தார். எந்தப் பொருளுக்கும் நிறமாலையில் கோடு விழும் இடங்கள் கைரேகை போல அதற்கே சொந்தம். அவர் பொடிக்கு அப்படி இருபத்தோரு இடம், இருபத்தோரு எண். உலகத்து ஆய்வாளர்கள் அந்த எண்களை ஏற்றிவைக்கும் வெப்சைட் ஒன்றில் போன திங்கள்கிழமை இதே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினார். இல்லை என்று வந்தது. அடேயப்பா! ஆண்டவனுக்கும் தனக்கும் மட்டுமே தெரிந்த பொருள்! உடம்பெல்லாம் புல்லரித்து, கண் கலங்கிவிட்டது.

புதுப்பொருள் என்றால்தான் டாக்டர் பட்டம். நாளைக்கு ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டும். எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்த இடத்தில்தான் இந்த இடி.

"வேற மிசின் இருக்காம்மா?"

பிரவுசிங் சென்டர் நடத்தும் முத்துச்செல்வி பக்கத்துக் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டாள். அங்கேயும் நூறு. இரண்டு எண்ணை வேண்டுமென்றே மாற்றிப் போட்டார். அப்போதும் அதே பொருளைத்தான் கொண்டுவந்து நிறுத்தியது, சனியன்.

"எவன் கண்டுபிடிச்சான்னு பாக்க முடியுமா?"

"பேரு இல்ல சார். ஊரு மட்டும் இருக்கு. கோவில்பட்டி."

கோவில்பட்டியா! இந்த ஊரில் அந்த எண்களைப் பார்த்த இன்னொரு ஆள் அவருடைய கைடு, பேராசிரியர் இசக்கிதுரை. அங்கிருந்த போனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினார்.

"ஐயா, ஒம்பது வருசமா உங்க பையத் தூக்குனேன். எம் பொடியத் திருடிட்டீங்களே! நீங்கல்லாம் வாத்தியாரா?"

"ஏலே, என்னலே ஒளறுத? நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டாத்தான் உன் ஆய்வேடு போகும், தெரியும்லா?"

"உங்க கையெழுத்து யாருக்கு வேணும்!"

போனை வைத்தபின்தான் உறைத்தது. பட்டம் போயிற்று, கைடும் போயிற்று. திரையில் அந்தக் கோடுகள் வரிசையாக எழும்பி நின்றன. பறிபோன பின்னும் என்ன அழகு! வாய் பிளந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

முத்துச்செல்வி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"அவியள ஏன் சார் ஏசுதீங்க? அன்னைக்கு இல்லன்னு வந்ததும் கண்ணு கலங்கிட்டீங்கள்லா, எனக்குப் பாக்கச் சகிக்கல. அடுத்த தடவை தேடும்போதாவது கிடைக்கட்டுமேன்னு, நீங்க நம்பரெல்லாம் எழுதி விட்டுட்டுப் போன சீட்டப் பாத்து நான்தான் சார் ஏத்தி வச்சேன்."