சண்முகத்தாய் ஏறாத கார்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டது. அப்படிப்பட்டவன் புதூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து கோவில்பட்டிக்கு உடுத்திய வேட்டியோடு வந்தேன். ஒரு பழைய ஆயில் இன்ஜினை மாட்டு வண்டியில் ஏற்றி, கிணறு கிணறாகப் போய் வாடகைக்குத் தண்ணீர் இறைத்தேன். அதில் கிடைத்ததை வைத்து ஓலைக் கொட்டகையில் தீப்பெட்டி ஆபீஸ் போட்டேன். (தீப்பெட்டி செய்யும் இடத்தை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். உள்ளே நாற்காலி கூட இருக்காது.) கொட்டகை ஒரு தடவை எரிந்தது, ஒரு தடவை காற்றில் பறந்தது. அதற்குப் பிறகு கல் கட்டடமாகவே கட்டினேன். பாறையில் கிணறு வெட்டினேன். "இதுல தண்ணி வந்தா நான் மீசைய எடுத்துருதேன்" என்று சொன்ன ஒருவர் கடைசிவரை மீசையில்லாமல்தான் நடமாடினார். கிராமத்துப் பெண்களை வேலைக்கு ஏற்றி வர சொந்தமாக பஸ் விட்டேன். எங்கள் குலதெய்வம் அய்யனாருக்கு முன்மண்டபம் எடுத்துக் கொடுத்தேன்.

இத்தனையையும் யார் பேச்சையும் கேட்காமல் செய்தவன் நான். அந்தப் பழக்கத்தோடுதான் கார் வாங்கவும் போனேன்.

கார் எனக்காக வாங்கியது இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். என் மனைவி சண்முகத்தாய்க்குக் கார் ஒத்துக்கொள்ளாது. கதவைச் சாத்தியதும் முகம் வெளுக்கும். டீசல் வாடையும் நடுக்கமும் சேர்ந்தால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிடுவாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம் எப்போதும் இருக்கும். அதை நகத்தால் கீறிக் கீறி மோந்துகொண்டே வருவாள். எங்கே போவதென்றாலும் எங்கள் ஆபீஸ் பஸ்தான். கண்ணாடி இல்லாத ஜன்னல், முன் சீட்டு, முகத்தில் காற்று. தீப்பெட்டி முதலாளியின் சம்சாரம் வேலைக்கு வரும் பெண்களோடு பஸ்ஸில் போகிறாள் என்று கடைத்தெருவில் பேசினார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஒனக்குத் தலை சுத்தாத காரா ஒண்ணு வாங்குதேன். அதுல ஒன்னைய முன்னால ஒக்கார வச்சு திருச்செந்தூர், குத்தாலம், கொடைக்கானல் எல்லாம் கூட்டிட்டுப் போறேன். போதுமா?" என்றேன்.

"மொதல்ல இந்தா பக்கத்துல இருக்க கடம்பூர் வரைக்கும் போய்ப் பாப்போம்" என்றாள்.

இரண்டாயிரம் பிறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. காலேஜ் முடித்துவிட்டு ஆபீஸ் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் கலா, ஹைபிரிட் என்று ஒரு கார் வந்திருப்பதாகச் சொன்னாள். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உண்டு. மெதுவாகப் போகும்போது மோட்டார் இழுக்கும், வண்டி நின்றால் இன்ஜினும் நின்றுவிடும், அதனால் நடுக்கம் இருக்காது. "அம்மாவுக்கு இதுதான்ப்பா ஒத்துக்கும்" என்றாள். மூன்று பேரும் ஆபீஸ் பஸ்ஸிலேயே மதுரைக்குப் போனோம். (ஷோரூம் வாசலில் அந்த பஸ்ஸை நிறுத்தியதும் காவலாளி ஓடிவந்து, டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் பின்னால் என்றார்.)

அங்கே டை கட்டிய ஒரு தம்பி காரில் ஏறி ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் இப்படியே போனது.

"ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி" என்றேன்.

"ஸ்டார்ட்லதான் சார் இருக்கு."

எனக்கு நம்பிக்கை இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல பானெட்டில் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு துடிப்பும் இல்லை. என் மனதில் அப்போதே அந்தக் கார் செத்துவிட்டது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நான் காதால் பிழைத்தவன். காட்டில் எந்தக் கிணற்றில் யாருடைய ஆயில் இன்ஜின் ஓடுகிறது, பெல்ட் நழுவுகிறதா, கிணறு வற்றிவிட்டதா எல்லாம் எனக்குப் படுத்த இடத்திலிருந்தே தெரியும். சத்தம் நின்றால் பிழைப்பு நின்றது என்று அர்த்தம். அப்படி வளர்ந்த காதிடம் போய், சத்தமே போடாத ஒன்றை இன்ஜின் என்றால் அது ஒத்துக்கொள்ளுமா?

அந்தக் காரில் சண்முகத்தாயை முன்னால் உட்கார வைத்துத் தெப்பக்குளத்தைச் சுற்றிவந்தார்கள். இறங்கியவள் என்னிடம் கையை விரித்துக் காட்டினாள். எலுமிச்சம்பழம் முழுசாக இருந்தது. ஒரு நகக்கீறல் இல்லை.

"என்னங்க, இதுல எனக்குக் கொமட்டவே இல்ல. பழம் கையில இருக்கதே மறந்துபோச்சு" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பார்த்தேன். பார்த்துவிட்டு அந்தத் தம்பியிடம், "இதைவிட சக்தியுள்ள இன்ஜின் இருக்கா?" என்று கேட்டேன்.

இருந்தது. ஷோரூமின் பின்பக்கம் யானைக்குட்டி மாதிரி ஒரு பெரிய டீசல் வண்டி. சாவியைத் திருப்பியதும் ஓர் உறுமல் உறுமியது பாருங்கள், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சண்முகத்தாயை அதிலும் ஏற்றினோம். தெரு முனை திரும்புவதற்குள் பழத்தில் நாலு கீறல் விழுந்துவிட்டது.

"அப்பா, கார் யாருக்கு வாங்குதோம்?" என்றாள் கலா.

"ஒங்க அம்மைக்குத்தான். போகப் போகப் பழகிரும்."

இந்த 'போகப் போகப் பழகிரும்' என்ற வார்த்தையை நான் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். திரும்ப வாங்கிக்கொள்ள ஒன்றே ஒன்றைக் கொடுத்தால், அன்று ஷோரூமில் சொன்னதைத்தான் வாங்கிக்கொள்வேன்.

கார் வீட்டுக்கு வந்தது. பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் கேட்டபோது, சண்முகத்தாய் தன் கையிலிருந்ததையே கொடுத்தாள். "எனக்கு இனிமே எதுக்கு?" என்றாள். நான் அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன். (படிப்பு இல்லாததால் வந்த வினை என்று இதைச் சொல்ல முடியாது. படித்தவர்களும் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.) அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவே இல்லை.

அந்த ஐப்பசியில் கலாவுக்கு நிச்சயம். எங்கள் வகையறாவில் வீட்டில் தட்டு மாற்றுவது கிடையாது; பெண் வீட்டாரின் குலதெய்வக் கோயிலில்தான். எங்கள் அய்யனார், கடம்பூர் தாண்டி, தார் ரோட்டை விட்டு இறங்கிக் கரிசல் காட்டுக்குள் இருக்கிறார். அதற்கு முந்தைய இரண்டு நாளும் மழை. பூசாரி காலையிலேயே போன் செய்து, "அண்ணாச்சி, வண்டியெல்லாம் ரோட்டுலயே நிறுத்திருங்க, நடந்து வந்துருங்க" என்றார்.

சொந்தக்காரர்கள், மணப்பெண், சண்முகத்தாய் எல்லோரும் ஆபீஸ் பஸ்ஸில் ஏறினார்கள். தாம்பூலத் தட்டையாவது காரில் வைக்கலாம் என்றேன். "வேண்டாம், வெத்தலையில டீசல் வாடை ஏறிரும்" என்று சண்முகத்தாய் அதை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் தம்பி குருசாமியைக் கூப்பிட்டேன். "இல்ல அத்தான், அக்காவுக்குத் தொணை வேணும்ல" என்று அவனும் பஸ்ஸுக்குள் போய்விட்டான். காரில் நானும் ஏசியும் மட்டும்.

தார் ரோட்டில் பஸ் நின்றது. எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பு மேல் நடந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் நடந்தே வந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கட்டின மண்டபத்தின் முன்னால் நான் வாங்கின கார் போய் நிற்க வேண்டும், சம்பந்தி அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வண்டியைப் பாதையில் இறக்கினேன்.

கரிசலில் பிறந்தவனுக்கு அந்த மண்ணைப் பற்றித் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். மேலே பொருக்குத் தட்டிக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே களி. மழை பெய்தால் மாட்டு வண்டியைக்கூட அவிழ்த்துப் போட்டுவிட்டு ஈரம் காயும்வரை காத்திருந்த ஆள்தான் நான். ஆனால் அதெல்லாம் மாட்டுக்கு, இத்தனை குதிரை சக்திக்கு இல்லை என்று நினைத்தேன்.

பாதி தூரத்தில் முன் சக்கரம் இரண்டும் அமிழ்ந்தன. மிதித்தேன். வண்டி உறுமியது. இன்னும் மிதித்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கம்பை ஊன்றி நின்று பார்த்தார்.

"மிதிக்காதிய அண்ணாச்சி. மிதிக்க மிதிக்க உள்ளல்லா போவுது."

"இது என்ன வண்டின்னு தெரியுமா ஒமக்கு?"

"தெரியாது அண்ணாச்சி. ஆனா எங்க காட்டுல போர் போடுத லாரி வந்துச்சு. அது இம்புட்டு வெரசா எறங்கல."

இதற்குள் கோயிலில் நடந்ததைக் குருசாமி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். (இன்னமும் சொல்கிறான்.) ராகு காலம் பிறப்பதற்குள் தட்டு மாற்ற வேண்டும். பெண்ணின் தகப்பனைக் காணோம். ஆனால் காட்டுக்குள் என் வண்டிச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது. "சம்பந்தி வந்துக்கிட்டேதான் இருக்காவ, பொறுப்போம்" என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்ல, எல்லோரும் சத்தம் வந்த திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். சத்தம் கூடுகிறது. கிட்ட வரவில்லை. மறுபடி கூடுகிறது. பூசாரி மணியைப் பார்க்கிறார்.

என் போன் அடித்தது. சண்முகத்தாய்.

"எங்கன நிக்குதீங்க?"

"இந்தா, வந்துட்டேன்."

"சத்தந்தான் வருது. நீங்க எறங்கி நடந்து வாங்க. கூப்புடுத தூரந்தான்."

"கார் வச்சிருக்கவன் நடந்து வந்தா சம்பந்தி என்ன நெனப்பாரு? இன்னும் ஒரு மிதிதான்."

அவள் பூசாரியிடம் மணி கேட்பது போனில் கேட்டது. பிறகு, "நேரம் போவுதுங்க. கலா மொகத்தப் பாக்க முடியல" என்றாள். நான் போனை சீட்டில் போட்டுவிட்டு மிதித்தேன்.

அவள் சொன்னது நிஜம். இருந்த இடத்திலிருந்தே மண்டபத்துத் தூண் எனக்குத் தெரிந்தது. இறங்கி நடந்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்பேன். ஏன் இறங்கவில்லை என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். இறங்கினால் அந்த இன்ஜின் தோற்றது என்று ஆகிவிடும். அது தோற்றால் ஷோரூமில் சண்முகத்தாய் சொன்னதும் கலா சொன்னதும் சரி என்று ஆகிவிடும். அவ்வளவுதான்.

கடைசியில் வண்டி தானாக அணைந்தது. அந்த அமைதியில் கோயில் பக்கமிருந்து குலவைச் சத்தம் கேட்டது. பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடும் குலவை. தட்டு மாறிவிட்டது. என் மகளின் நிச்சயத் தட்டை என் இடத்தில் குருசாமி நின்று மாற்றியிருக்கிறான், பக்கத்தில் சண்முகத்தாய். எந்தக் கிணற்றில் யார் இன்ஜின் என்று சொல்லும் இந்தக் காதுக்கு அந்தச் சத்தத்தில் அவள் குரலும் தனியாகக் கேட்டது.

ஆட்டுக்காரர் கம்பைக் கீழே போட்டுவிட்டு வந்தார். கதவைத் திறக்க உதவினார்.

முழங்கால்வரை கரிசல் அப்பி, ஒற்றைச் செருப்போடு நான் மண்டபம் ஏறியபோது பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி எழுந்து கும்பிட்டார். "வாங்க சம்பந்தி. வண்டிச் சத்தம் நல்லா கணீர்னு இருந்துச்சு" என்றார். நல்ல மனுஷர். கேலியா இல்லையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கலா என்னைப் பார்த்தாள், சிரிக்கப் பார்த்தாள், முடியாமல் குனிந்துகொண்டாள்.

ஊருக்குத் திரும்பியது ஆபீஸ் பஸ்ஸில்தான். முன் சீட்டில் சண்முகத்தாய் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். அவள் தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். எனக்குக் குமட்டவில்லை. இருந்தாலும் வாங்கி, கடம்பூர்வரை மோந்துகொண்டே வந்தேன்.

மண் காய்ந்த பிறகு டிராக்டர் வைத்து இழுத்தோம். அந்தக் காரை விற்றுவிட்டு ஹைபிரிட் வாங்கலாம் என்று பிறகு எனக்கும் தோன்றியது. அதற்குள் ஆபீஸில் ஒரு செலவு, வீட்டில் ஒரு செலவு, அப்புறம் அவளுக்கு மூட்டுவலி. கொடைக்கானல் என்று பேச்செடுத்தால், "டிவியில காட்டுதானே" என்கிறாள். சுற்றவேண்டிய வயதில் நான் சத்தம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன்.

என் வீட்டில் இப்போது இது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. பேரன் படிக்கிறேன் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் தொடாவிட்டால், "தாத்தா வண்டி மாதிரி, சத்தந்தான் வருது" என்கிறாள் கலா. குக்கர் விசில் அடித்தும் சோறு வேகாவிட்டால் அதுவும் தாத்தா வண்டி. பொறுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. நான் அந்த ஹைபிரிட்டை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சண்முகத்தாய் என் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்திருப்பாள். மடியில் தாம்பூலத் தட்டு இருந்திருக்கும். நான் அந்த வண்டியையும் காட்டுக்குள் இறக்கத்தான் செய்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் தட்டோடு சேர்ந்து சேற்றுக்குள் உட்கார்ந்திருப்போம், சத்தமே இல்லாமல். கலாவின் நிச்சயம் நின்றுபோயிருக்கும். ஆக, அன்றைக்குத் தட்டு நேரத்துக்கு மாறியதென்றால், அவள் ஏறமுடியாத ஒரு காரை நான் பார்த்துப் பார்த்து வாங்கியதால்தான். குருசாமி தட்டை மாற்றினான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் என் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதையும் சண்முகத்தாய் தன் வாயால், ஒரே ஒரு தடவை சொன்னால் போதும்.