தளபதி ஜூனா மேலே வந்தாளா?

கொலை, கொள்ளை, வரி ஏய்ப்பு இவற்றுக்கெல்லாம் சட்டத்தில் தண்டனை உண்டு. ஒரு கதையின் முடிவை முன்கூட்டியே உளறிவிடுகிறவனுக்கு மட்டும் இன்றுவரை எந்தத் தண்டனையும் கிடையாது. நாகரிக உலகத்தின் இந்த மாபெரும் ஓட்டையை அடைப்பதற்கென்றே அமெரிக்காவில் ஏரிக்கரையில் இருக்கிற டுலூத் நகரத்தில் வெண்டல் ஆஸ்ட்ராண்டர் அவதரித்தார். மற்ற நேரங்களில் அவர் வாகனப் பதிவு அலுவலகத்தில் மேலாளராக இருந்தார்.

அவதாரத்துக்குக் காரணம் அவருடைய மனைவி கிளெண்டா. மார்வா கெட்டில்சன் எழுதுகிற ‘நீரடி நகரம்’ வரிசையில் ஐந்தாவது புத்தகம் வந்திருந்த சமயம். பாதி படித்துவிட்டு வெண்டல் சாப்பிட வந்து உட்கார்ந்தார். கிளெண்டாவோ கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஜாதி. ஹாட்டிஷ் என்று அந்த ஊரில் சொல்கிற இறைச்சி, உருளைக்கிழங்குக் கலவையை எடுத்து அவர் தட்டில் வைத்துக்கொண்டே, “பாவம், அந்தக் கிழட்டு மந்திரவாதி கடைசியில செத்துப்போயிடறார், இல்ல?” என்றாள். வெண்டல் கரண்டியைக் கீழே வைத்தவர்தான், மறுநாள்வரை எடுக்கவில்லை. “உங்க அம்மா போனப்பகூட ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டியே?” என்று அவள் கேட்டது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த மாதிரி ஆயிற்று.

ஆறாவது புத்தகத்தின் கடைசியில் தளபதி ஜூனா ஏரிக்குள் குதிக்கிறாள். கரையில் இருப்பவர்கள் பிடித்திருந்த கயிறு அறுந்துபோகிறது. முற்றும். அதற்கப்புறம் மார்வா ஒன்பது வருஷம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒன்பது வருஷமும் வெண்டலின் மனசில் ஒரே கேள்விதான் ஓடியது: ஜூனா மேலே வந்தாளா? அதைத் தானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், வேறு எவனும் சொல்லித் தொலைக்கக் கூடாது. மனுஷன் வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

ஏழாவது புத்தகம் வருகிறது என்ற செய்தி கிடைத்ததுமே, வருஷா வருஷம் குளிர்காலத்தில் கூடுகிற வாசகர் மாநாட்டில் ஸ்பாய்லர், அதாவது முடிவை உளறுதல், தடுப்புக் குழு ஒன்றை அவர் நிறுவினார். தலைவர் அவர். செயலாளர் ஃபெர்ன் நியெமி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் கழுத்து விசிலைக் கழற்றாதவர்.

‘மாநாட்டு வளாகத்தில் முடிவு குறித்துப் பேசுதல், சைகை காட்டுதல், பெருமூச்செறிதல் ஆகியன இதன்மூலம் தடை செய்யப்படுகின்றன’ என்று முதல் சுற்றறிக்கை போயிற்று. ஃபெர்னுக்குத் திருப்தி இல்லை.

“தலைவரே, படிச்சு முடிச்சவங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுடுமே?”

“அவங்களைத் தனி ஹால்ல உட்கார வைங்க.”

“அப்போ அந்த ஹால்ல இருக்கறவங்களுக்கு முடிவு தெரியும்னு மத்தவங்களுக்குத் தெரிஞ்சுடும். வாசல்ல நின்னு வாயைப் பிடுங்குவாங்க.”

வெண்டல் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. “சரி, எல்லா உறுப்பினரும் படிச்சு முடிக்கிறவரைக்கும் எந்த உறுப்பினரும் படிச்சு முடிக்கக் கூடாதுன்னு போட்டுடுங்க.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போதுதான், தலைவரும் ஓர் உறுப்பினர் என்பது வெண்டலுக்கு உறைத்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். புத்தகம் வந்த அன்றே அதைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, மான் வேட்டைத் துப்பாக்கி இருக்கிற அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

புத்தகத்துக்குக் கிடைத்த வரவேற்பை என்ன சொல்ல. ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைந்து ஒருவரும் கொடுக்கவில்லை. ‘முடிவு என் நெஞ்சை உலுக்கியது, அதைப் பற்றி மூச்சு விட மாட்டேன்’ என்று ஊர் உலகமெல்லாம் எழுதித் தள்ளியது. மாநாட்டின் பெரிய பரிசும் அதற்குத்தான் என்று முடிவாயிற்று. படித்தவர்கள் ஒருதலைப்பட்சமாக இருக்கக்கூடும் என்பதால் படிக்காதவர்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்று குழு விதித்திருந்தது. ஓட்டுப் போட வராதவர் என்று யாருமே இல்லை.

பரிசு வாங்க மார்வா கெட்டில்சன் நேரிலேயே வந்துவிட்டார். வந்தவர் ஹோட்டல் வாசலில் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். உடனே புகார் வந்தது.

“சிரிச்சா ஜூனா பிழைச்சுட்டான்னு அர்த்தம் ஆகுது மேடம்,” என்றார் ஃபெர்ன். மார்வா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அதற்கும் புகார் வந்தது. கடைசியில், ‘முடிவை அறிந்த ஒரே நபர் என்ற வகையில் தாங்களே இம்மாநாட்டின் மிகப் பெரிய ஸ்பாய்லர் ஆவதால், தங்கள் வருகையைப் பெருமகிழ்ச்சியோடு மறைத்து வைக்கிறோம்’ என்று எழுதிக் கொடுத்து, கீழ்த்தளத்தில் துணி துவைக்கிற அறைக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்தார்கள்.

மதியச் சாப்பாட்டை வெண்டலே தட்டில் எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தார். மார்வா தட்டை விட்டுவிட்டு அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மிஸ்டர் ஆஸ்ட்ராண்டர், உங்கள்ல யாராவது நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்தீங்களா?”

வெண்டல் காதைப் பொத்திக்கொண்டார். “மேடம், விதிப்படி பக்க எண்ணைக்கூடச் சொல்லக் கூடாது.”

மார்வா அவர் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். “நான் கதையைச் சொல்லல. அந்தப் பக்கத்துல என் கதையே இல்லன்னு சொல்றேன். அச்சகத்துல ஏதோ குளறுபடி. அங்கிருந்து கடைசிவரைக்கும் பனி தள்ளற மெஷினை எப்படி ரிப்பேர் பண்றதுன்னுதான் இருக்கு.”

வெண்டல் கேட்டார்: “எல்லாப் பிரதியிலுமா?”

“எல்லாத்துலயும். புத்தகம் வந்து நாலு மாசம் ஆச்சு, ஒரு புகார் இல்ல. பதிப்பகத்துக்கு போன் போட்டேன். வரவேற்பு அமோகமா இருக்கு, எதுக்கு நோண்டறீங்கன்னு கேக்கறாங்க. திருத்தம் போட்டா, இப்ப இருக்கறது முடிவு இல்லன்னு தெரிஞ்சுடுமாம். அதுவே ஸ்பாய்லராம். உங்க விதியைத்தான் எடுத்துக் காட்டறாங்க.”

“நிஜமான கடைசி அத்தியாயம்?”

“உங்க குழு கேட்டுக்கிட்டபடி அழிச்சாச்சு. என் கம்ப்யூட்டர்ல இருந்ததைக்கூட விடல. இப்ப என் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு. சொல்ல ஆள் இல்ல. என் புருஷன்கூட, நீ தூக்கத்துல உளறிடுவேன்னு வேற ரூம்ல படுக்கறார்.” மார்வாவின் கண் கலங்கிவிட்டது.

வெண்டலுக்கு அவமானமாக இருந்தது. தான் கட்டிய வேலி பயிரையே மேய்ந்துவிட்டது என்று புரிந்தது. நேராக மாடியேறிப் பரிசளிப்பு மேடைக்குப் போனார். மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, மன்னிச்சுக்கணும். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துலருந்து புத்தகத்துல கதை கிடையாது. பனி தள்ளற மெஷின் ரிப்பேர்தான் இருக்கு.”

மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் விம்மினாள்: “படுபாவி, சொல்லிட்டானே.”

ஃபெர்ன் விசில் ஊதினார். நடுவில் ஒரு தாடிக்காரர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். “ரகசியம் வெளியில வந்தாச்சு, இனிமே நானும் பேசலாம். அந்த மெஷின்ல பெல்ட் அறுந்துபோற இடத்துல நான் அழுதுட்டேன். போன புத்தகத்துல கயிறு அறுந்தது ஞாபகம் இருக்கா?”

மண்டபமே பெருமூச்சு விட்டது. பெல்ட்டின் உள்ளர்த்தம் தங்களுக்கு அப்போதே பிடிபட்டுவிட்டதாக ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். புதுப் பெல்ட் மாட்டுகிற இடம் மறுபிறவி என்றார் ஒருவர். பரிசு கைதட்டலோடு உறுதியாயிற்று. அடுத்த தீர்மானத்தில், முடிவை அம்பலப்படுத்திய குற்றத்துக்காக வெண்டல் ஆஸ்ட்ராண்டர் ஆயுள் முழுதும் நீக்கப்பட்டார்.

வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் மார்வா தன் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கையில் பரிசுக் கோப்பை. பின்னாலேயே வந்து நின்ற வெண்டலைப் பார்த்துச் சொன்னார்:

“பதிப்பகத்துலருந்து போன் வந்துது. எட்டாம் புத்தகத்துல மெஷின் மட்டும் போதுமாம், ஜூனா வேண்டாமாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னுட்டேன். வேற என்ன சொல்றது? ஆனா அவ கதையை ஒரு மனுஷன்கிட்டயாவது சொல்லிட்டுப் போகணும். நீங்க கேக்கறீங்களா?”

“அதுக்குத்தான் ஓடி வந்தேன்,” என்றார் வெண்டல். இனி அவர் எந்தக் குழுவிலும் இல்லை. எந்த விதியும் அவரைக் கட்டுப்படுத்தாது.

மார்வா ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்று, “கயிறு அறுந்ததும் ஜூனா,” என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். வெண்டலின் இரண்டு கைகளும் தாமாகவே எழும்பிப் போய்க் காதுகளைப் பொத்திக்கொண்டன. இறக்கப் பார்த்தார். வரவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், சொன்ன பேச்சுக் கேட்குமா? மார்வாவின் தோள் குலுங்குவதும் கை ஏறி இறங்குவதும் மட்டும் தெரிந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்றுகூடப் புரியவில்லை. அவர் திரும்பியபோதுதான் கைகள் கீழே இறங்கின.

“முழுசாக் கேட்ட ஒரே ஆள் நீங்கதான். நல்லா இருங்க,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்வா காரில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் கிளெண்டா காத்துக்கொண்டிருந்தாள். “உன்னைத் தூக்கிட்டாங்களாமே, ஃபெர்ன் போன்ல சொன்னா. அந்த எழுத்தாளரம்மா உன்கிட்ட மட்டும் முடிவைச் சொன்னதா அவளுக்குப் போன் போட்டுச் சொன்னாங்களாமே, நிஜமா?”

“சொன்னாங்க.”

“அப்போ அவ மேல வந்தாளா, இல்லையா?”

வெண்டல் கோட்டை நிதானமாகக் கழற்றி மாட்டினார். முகத்தைச் சந்தோஷமும் இல்லாமல் துக்கமும் இல்லாமல் வைத்துக்கொண்டார்.

“அதை நானே சொல்லிட்டா அப்புறம் உனக்கு என்ன சுவாரசியம், கிளெண்டா?” என்றார்.