கோவிந்தராஜுலு போட்ட உப்பு

நம் ஊரில் ஓர் இனம் வேகமாகப் பெருகி வருகிறது. பெயர், சப்டைட்டில் திருத்தி. படத்தில் வீடு பற்றி எரிந்தால் நீங்களும் நானும் நெருப்பைப் பார்ப்போம். இவர் கீழே ஓடும் எழுத்தைப் பார்ப்பார். நெருப்புக்குச் சின்ன 'ரு' போட்டிருக்கிறார்களா என்பதுதான் கவலை. வீடா? எரியட்டும்.

பீளமேட்டுக் கோவிந்தராஜுலு, மில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த இனத்தில் முதல் வரிசை. மனைவி ரங்கநாயகி யூடியூபில் சமையல் சொல்லித் தருகிறார். அந்த அம்மாள் "ஏனுங்க, வெங்காயத்த வதக்குங்க" என்றதை, தானாக எழுத்துப் போடும் இயந்திரம் "யானைங்க, வெங்காயத்த வதக்குங்க" என்று காட்டிவிட்டது. காட்டு யானை இறங்கும் தொண்டாமுத்தூர்த் தோட்டம் என்றாலாவது நம்பலாம். இவர் கொதித்துப் போனார்.

"இனிமே நானே எழுதிப்போடறேன்."

எழுதினார். எந்த வரி எந்த நொடியில் தோன்றி எந்த நொடியில் மறைய வேண்டும் என்று ஒரு கோப்பில் வரிசையாகக் குறித்து, கூடவே மனைவியின் பேச்சையும் குளிப்பாட்டித் தலைவாரி, 'ஏனுங்க'வைப் 'பெருமதிப்பிற்குரிய நேயர்களே' ஆக்கி ஏற்றினார். அரிசிம்பருப்பு சாதத்துக்கு "உப்பு உங்க கைக்குத் தகுந்தாப்ல போட்டுக்குங்க" என்று அம்மாள் சொன்னது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. தகுந்தது என்றால் எவ்வளவு? யார் கைக்கு? அடுப்படிப் பக்கமே போகாதவர், படத்தை நிறுத்தி, மனைவியின் கையைப் பெரிதாக்கிப் பார்த்து, "உப்பு: நான்கு மேசைக்கரண்டி" என்று எழுதினார்.

மறுவாரம் தாராபுரத்திலிருந்து ஒரு வீடியோ அழைப்பு. ஜோவிதா என்ற பெண், காது கேட்காது, எழுத்தைப் படித்தே சமைப்பவள். அவள் சைகையில் பேச, அக்கா ரூத் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்கம்மா, நேத்து இந்தத் தங்கச்சியப் பொண்ணு பார்க்க வந்தாங்க. நாலு கரண்டி உப்பு, நீங்க சொன்னபடியே அளந்து போட்டாளுங்க. மாப்பிள்ளை ஒரு வாய் வச்சுப்போட்டு, ஒரு சொம்புத் தண்ணியும் குடிச்சுப்போட்டாருங்க."

"நாலு கரண்டியா? நான் எப்பக் கண்ணு சொன்னேன்?" ரங்கநாயகி மெல்லக் கணவர் பக்கம் திரும்பினார்.

கோவிந்தராஜுலு மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "அது என்ற வேலைங்கம்மா. தப்புப் பண்ணிப்போட்டேன். சம்பந்தம்... நின்னுபோச்சுங்களா?"

ஜோவிதாவின் விரல்கள் பறந்தன. ரூத் சிரித்தாள். "இன்னொரு சொம்புத் தண்ணி வேணும்னு சைகையில எப்படிக் கேக்கறதுன்னு இவகிட்டயே கேட்டாருங்க. அதுலயே இவளுக்குப் புடிச்சுப்போச்சுங்க!"

அன்று மாலை கோவிந்தராஜுலு ஒலியை அணைத்துவிட்டு அந்த வீடியோவைப் பார்த்தார். ஓரிடத்தில் ரங்கநாயகி விழுந்து விழுந்து சிரிக்கிறார்; கீழே 'தாளிக்கவும்' என்று மட்டும் நிற்கிறது. எதற்குச் சிரிப்பு? ஒலியைப் போட்டார். "எங்கூட்டுக்காரரு ருசி பார்த்துச் சொல்றதுக்குள்ள சோறு ஆறிப்போயிருமுங்க!" தேவையற்றது என்று அவரே வெட்டிய வரி.

முகம் சுருங்கியது. ஆனாலும் உட்கார்ந்தார். உப்பை மனைவியின் கைக்கே திருப்பிக் கொடுத்தார். எல்லா 'ஏனுங்க'வையும், தன்னைப் பற்றிய அந்தக் கேலியையும் எழுத்து விடாமல் சேர்த்தார்.

இரண்டே நாளில் ஜோவிதாவின் செய்தி வந்தது: 'அம்மா இத்தன குறும்புக்காரங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.'

அதில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தால்கூட அன்றைக்கு அவர் கண்டிருக்க மாட்டார். ரங்கநாயகியிடம் கொண்டுபோய்க் காட்டுவதில் அவ்வளவு அவசரம்.

நீங்கள்? முதல் பத்தியிலிருந்தே இங்கே எங்காவது ஓர் ஒற்று மிகாமல் போயிருக்கிறதா என்று தேடிக்கொண்டு வருகிறீர்களே, எனக்குத் தெரியாதா?