ஜெபக்குழுவுக்குத் தெரியாத பேக்கரி

என் இதயத்தை முழுவதுமாக ஆண்டவரிடம் ஒப்படைத்துவிடுவது என்று ஒரு திங்கட்கிழமை தீர்மானித்தேன். டாக்டரிடம் ஒப்படைப்பதைவிட அது சுலபமாகத் தெரிந்தது.

டாக்டர் கேட்டது இரண்டே இரண்டு. கேக், கிரீம் பன் பக்கம் போகக்கூடாது. தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். நான் கடிகாரம் பழுதுபார்ப்பவன். நடக்கிற வேலையை முட்களிடம் விட்டுப் பதினெட்டு வருடமாகிறது.

"ஓடுற கடிகாரத்தை யாராவது திறப்பாங்களா டாக்டர்? அது பாட்டுக்கு ஓடட்டுமே" என்றேன்.

டாக்டர் என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் பேச ஆரம்பித்தார். அவள் மடியில் எங்கள் எட்டு மாதப் பெண். வீடு வந்து சேர்ந்ததும் என் மனைவி சொன்னாள்:

"இவ ஸ்கூலுக்குப் போற அன்னிக்கு நீங்க கூட இருக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

குரல் நடுங்கியது. குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டேன். அந்த வேகத்தில் வாக்குக் கொடுத்தேன்.

"நாளையிலிருந்து காலை ஆறு மணி ஜெபக்கூட்டத்துக்குப் போறேன்."

"அவர் நடக்கச் சொன்னாரு. ஜெபிக்கச் சொல்லலையே."

"உள்ளம் சரியானா உடம்பு தானா சரியாகும்."

"சர்ச் நம்ம வீட்டுக்கு எதிர்ல இருக்கு. நாற்பது அடி."

"அதுவும் நடைதானே."

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சர்ச்சுக்குப் பின்வாசல் உண்டு. பின்வாசலுக்கு எதிரே பேக்கரி உண்டு. ஆறேகாலுக்கு முதல் தட்டு வெளியே வரும்.

செவ்வாய்க்கிழமை எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் செருப்பை மாட்டினேன்.

"ரெண்டு கிரீம் பன்."

பேக்கரிக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் உங்களுக்காகத்தான் அண்ணே, குடும்பத்தோட முழங்கால் போட்டு ஜெபிச்சோம். ஜெபக்குழுவுல உங்க விஷயம் வந்திருக்கு."

"என்ன விஷயம்?"

"கொழுப்பு இருநூத்தி எண்பது. பன் கேட்டா குடுக்காதீங்கன்னு ஜெபக்குறிப்புலயே போட்டிருக்கு."

தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலை என் மனைவி குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்: "மார்க்கெட் முனையில யாரோ பேக்கரி போட்டிருக்காங்களாம்."

பாவம், வெகுளி. புதன்கிழமை அங்கே போனேன். கல்லாவில் ஓர் அம்மா.

"வாங்க தம்பி. உங்களுக்காக இன்னிக்கு நான் உபவாசம்."

எனக்காகப் பட்டினி கிடப்பவரிடமே கேக் கேட்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்? எனக்கு இருந்தது. கேக்தான் கிடைக்கவில்லை.

அப்புறம் பஸ் நிலையத்துக் கடை. அப்புறம் ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு கடையைப் பற்றியும் வீட்டில் யதேச்சையாகக் காதில் விழும். நான் போவேன். எனக்கு முன்னால் ஜெபக்குழு போயிருக்கும். பஸ்ஸிலும் போக முடியாது; கண்டக்டரின் மனைவிதான் குழுவின் செயலாளர். ஆகவே நடந்தேன். வழியெல்லாம் வேண்டிக்கொண்டே நடந்தேன்: "ஆண்டவரே, இந்தக் கடைக்காரராவது ஜெபம் பண்ணாதவரா இருக்கட்டும்." வாழ்க்கையில் இவ்வளவு உருக்கமாக நான் ஜெபித்ததே இல்லை.

ஆறு வாரம் கழித்து டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். "இருநூறுக்கு வந்திருச்சு. தினமும் எவ்வளவு நடக்கறீங்க?"

என் மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒப்புக்கொண்டேன்.

"நான் ஜெபக்கூட்டத்துல ஒரு நாள்கூட முழுசா உட்காரலை. பேக்கரி தேடித்தான் போனேன்."

"தெரியும்."

"எப்படி?"

"பன் குடுக்காதீங்கன்னு எல்லாக் கடைக்கும் ஒரே நாள்ல சொல்லியிருக்கலாங்க. ஆனா அப்புறம் நீங்க வீட்டுலயே படுத்திருப்பீங்க. அதான் ஜெபக்குழுகிட்டயும் உங்ககிட்டயும் கொஞ்சம் கொஞ்சமா, தூரம் பார்த்துச் சொன்னேன்."

"அப்போ ஜெபம்?"

"அதையும் வழியெல்லாம் பண்ணியிருப்பீங்க. பன் விஷயத்துல உங்க விசுவாசம் எனக்குத் தெரியாதா?"

தோற்றவன் கேட்கக்கூடியது ஒன்றுதான். கேட்டேன்.

"இந்த ஊர்ல ஜெபக்குழுவுக்குத் தெரியாத பேக்கரி ஒண்ணாவது மிச்சம் இருக்கா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாக யோசித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குங்க. மலை மேல."