ஒதுக்கி வைக்கப்பட்ட ஒட்டகச்சிவிங்கி

எங்கள் அலுவலக ஊழியர்கள் விடுப்பெடுத்து ஆப்பிரிக்கா போய்க் காட்டு விலங்குகளைப் பார்ப்பது விதிகளுக்கு உட்பட்டது. முன்பு விதி ஏதும் இல்லை. யாரும் போனதும் இல்லை. இயக்குநர்தான் முதலில் போய்வந்து, சிங்கத்தோடு எடுத்த படத்தைத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். சிங்கம் நானூறு அடி தள்ளி, முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அன்று முதல் ஆப்பிரிக்கா போகாதவனை யாரும் மனிதனாகவே மதிப்பதில்லை. துணை இயக்குநர் யானை பார்த்தார். கண்காணிப்பாளர் நீர்யானை பார்த்தார், அதாவது காதுகளை மட்டும். உடனே சுற்றறிக்கை வந்தது: “மேலதிகாரி கண்ட விலங்கினும் மேம்பட்ட விலங்கைக் கீழ்நிலை ஊழியர் எவரும் காணலாகாது.”

நான் தபால் அனுப்பும் எழுத்தர். என் தகுதிக்குக் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும்தான். எனக்கு அதுவே தாராளம். ஆசைப்பட்டவள் என் மனைவி.

அவள் தையல்காரி. “இருபத்திரண்டு வருஷமா ஊர்ல இருக்கிறவங்க கழுத்தையெல்லாம் அளந்தாச்சுங்க. அவ்வளவு பெரிய கழுத்தை வெச்சுக்கிட்டு ஒட்டகச்சிவிங்கி எப்படித்தான் குனிஞ்சு தண்ணி குடிக்குது? அத ஒரே ஒரு தடவை பாத்துட்டாப் போதும்” என்றாள். அதுவரை அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அதனால் விண்ணப்பத்தோடு போய் நின்றேன்.

“ஒட்டகச்சிவிங்கியா?” கண்காணிப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். “அது செயலாளருக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்குய்யா.”

“அவர் இன்னும் ஆப்பிரிக்காவே போகலையே சார்?”

“அதனாலதான்யா ஒதுக்கி வெச்சிருக்கு. அவர் பாத்தப்புறம் டைரக்டர், அப்புறம் துணை, அப்படியே இறங்கி வரும். உன் முறை வரும்போது நீ ரிட்டயராகி ஒம்பது வருஷம் ஆகியிருக்கும்.”

“தற்செயலா எதிர்ல வந்து நின்னுட்டா?”

“கண்ணை மூடிக்கணும். அதுக்கு உறுதிமொழிப் படிவம் இருக்கு. மூணு பிரதி.”

“என் வீட்டுக்காரி?”

“குடும்பத்தார் ஊழியரின் கண்களாகவே கருதப்படுவர். விதி பதினொண்ணு.”

அடுத்து, எங்கே போவது என்று பார்த்தோம். பயண நிறுவனம் கொடுத்த நாலு கையேடுகளை அவர்முன் பரப்பினேன். முதல் இடத்தில் சிங்கம் இருந்தது, பேனாவால் கோடு போட்டு அடித்தார். இரண்டாவதில் யானை, அடித்தார். மூன்றாவது ஓர் ஏரி. அங்கே பறவைகள்தான். எனக்கு நம்பிக்கை வந்தது. படத்தை உற்றுப் பார்த்தவர், “பட்டப்பகல்ல எல்லாம் ஒத்தக் கால்ல நின்னு தூங்குது. ஊழியர்களுக்குத் தப்பான முன்மாதிரி” என்று அதையும் அடித்தார்.

நாலாவது ஒரு வறண்ட பொட்டல். “விலங்குகள் அரிதாகவே தென்படும்” என்று கையேட்டிலேயே போட்டிருந்தது. “இப்படி ஒரு இடத்தை வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் அலைக்கழிச்ச?” என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

துறையில் வேறு எட்டுப் பேருக்கும் அதே பொட்டல்தான் அனுமதியாகியிருந்தது. என் மனைவியையும் சேர்த்து ஒரே வண்டியில் போனோம். இரண்டு நாள் புழுதியைப் பார்த்தோம். பொட்டல் என்பதால் அங்கே இருந்தது ஒரே குட்டை. ஒரே குட்டை என்பதால் எல்லா விலங்கும் அங்கேதான் வந்தாக வேண்டும். இதைக் கையேடு சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை மரங்களுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

“ஒட்டகச்சிவிங்கி!” என்று யாரோ அலறினார்கள். ஒன்பது ஊழியர்களும் கண்ணை மூடிக்கொண்டோம்.

“ஏங்க, நான் பாக்கலாமா?” என்றாள் மனைவி காதோரமாக.

“பாரு” என்றேன். வேறென்ன சொல்வது? அவள் எழுந்து நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஊர் திரும்பிய மறுவாரம் இயக்குநர் கூப்பிட்டார். மேசைமேல் என் மனைவிமீது எட்டுப் புகார்கள். முதலாவதை வாசித்தார்: “மேற்படி விலங்கு முன்னங்கால்களை அகல விரித்து, முழங்கால்களைச் சற்றே வளைத்து, நான்கு முறை நீர் அருந்தி, திடீரெனத் தலையை உயர்த்தியதை மேற்படி எழுத்தரின் மனைவி கண்டார்.” எட்டிலும் இதே விவரம்தான். நாக்கு கறுப்பா கருநீலமா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது.

“எட்டுப் பேரும் கடமையுணர்ச்சியோட எழுதியிருக்காங்க. நீ மட்டும் ஏன்யா எழுதல?”

“நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன் சார்.”

“பக்கத்துல நடந்த விதிமீறலைக் கவனிக்காம இருந்திருக்க. அதையும் ஒத்துக்கிற!” என்று விளக்கம் கேட்கும் குறிப்பாணையை நீட்டினார்.

விளக்கம் எழுதப் புகார்களின் நகல் வேண்டும் என்று கேட்டேன். இயக்குநர் எட்டையும் இன்னொரு முறை நிதானமாகப் படித்துவிட்டு, மனமில்லாமல் கொடுத்தார். விளக்கம் இன்னும் எழுதவில்லை. தினமும் மதியம் புகார்களை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கிறேன். ஒட்டகச்சிவிங்கி எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று எனக்கும் தெரிய வேண்டாமா?